காலை நேரப் பாத இறுக்கம்: வீட்டு வைத்தியத்துக்கு முன் இரண்டு கேள்விகள்

நீண்டகால நோயுடன் வாழும் பலருக்கு ஒரு நாளின் மிகக் கடினமான பகுதி, கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் வைக்கும் முதல் சில அடிகள்தாம். முடக்குவாதம் உள்ளவர், நீரிழிவு உள்ளவர், மூட்டுத் தேய்மானம் உள்ளவர், குதிகால் வலியால் வருந்துபவர் என எல்லோரும் எங்களிடம் ஏறத்தாழ ஒரே சொற்களில்தான் முறையிடுகிறார்கள்: "காலையில் எழுந்தால் பாதம் கட்டை போல் இருக்கிறது, கொஞ்சம் நடந்தால்தான் வழிக்கு வருகிறது." அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றே: "இதற்கு இயற்கையான வைத்தியம் ஏதாவது உண்டா?"

உண்டு. வெந்நீர், ஒத்தடம், எண்ணெய், எளிய பயிற்சி, பொருத்தமான செருப்பு, நல்ல உணவு ஆகிய அனைத்துக்கும் இந்தத் தொல்லையில் இடமுண்டு. நாங்களே அவற்றைப் பரிந்துரைக்கிறோம். ஆனால் ஒரே சொற்களில் சொல்லப்படும் இத்தொல்லைக்குக் காரணங்கள் பல. ஒருவருடைய பாதத்துக்கு இதமளிக்கும் வெந்நீர் இன்னொருவருடைய பாதத்தைக் கொப்பளிக்கச் செய்துவிடும். ஒருவருக்குப் பொறுத்திருந்தால் போதும். இன்னொருவர் பொறுத்திருந்தால் மூட்டையே இழக்க நேரும். ஆகவே, எந்த வைத்தியம் நல்லது என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது: இறுக்கம் எத்தனை நிமிடம் நீடிக்கிறது? இரண்டாவது: பாதத்தில் உணர்ச்சி முழுமையாக இருக்கிறதா? இவ்விரண்டையும் வீட்டிலேயே அறியலாம். அதற்கு வழிகாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலையில் மட்டும் ஏன்?

மூட்டுகள் அசையும்போதுதான் அவற்றைச் சுற்றியுள்ள நீர்மம் பரவி, தேய்ந்து செல்லும் இடங்களுக்கு வழவழப்பைத் தருகிறது. இரவு முழுவதும் அசைவின்றிக் கிடக்கும்போது மூட்டுகளையும் தசைநாண்களையும் சுற்றி நீர் தேங்குகிறது. உறங்கும்போது நம் பாதம் கீழ்நோக்கி வளைந்தே இருக்கும். அதனால் குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை செல்லும் உள்ளங்கால் திசுப்பட்டையும், கெண்டைக்கால் தசையும் சுருங்கிய நிலையிலேயே பல மணி நேரம் இருந்துவிடுகின்றன. எழுந்து நிற்கும் கணத்தில் உடலின் முழு எடையும் அவற்றைத் திடீரென இழுக்கிறது. குதிகாலில் முள் குத்தியதுபோல் வலி எழுவது இதனால்தான்.

முடக்குவாதத்தில் வேறொரு காரணமும் சேர்கிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்கள் இந்நோயில் பின்னிரவிலும் விடியற்காலையிலும் இரத்தத்தில் கூடுகின்றன. அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்திருந்து, விடியலை நெருங்கும்போதுதான் உயரத் தொடங்குகிறது. தீ மூளும் வேளையில் தண்ணீர் வந்து சேராத நிலை இது. எனவே முடக்குவாதக்காரரின் காலை இறுக்கம் சோம்பலும் அன்று, முதுமையும் அன்று. உடலுக்குள் நடக்கும் அழற்சியின் அளவுகோல். வீட்டில் உள்ளவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் அடுப்படிக்கு வரத் தாமதிக்கும் அம்மாவோ, பள்ளிக்குப் பிள்ளைகளைக் கிளப்பத் திணறும் மருமகளோ அதே நாள் பிற்பகலில் இயல்பாக நடமாடுவதைக் கண்டு, காலையில் நடித்ததாக எண்ணிவிடக் கூடாது.

முதல் கேள்வி: எத்தனை நிமிடம்?

எழுந்து நடக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து, பாதம் அன்றைய நாளுக்கு இயன்ற அளவு இலகுவாகும்வரை ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் குறித்தால் போதும்.

சில அடிகளிலோ, ஐந்து பத்து நிமிடங்களிலோ தணிந்து, வலி குதிகாலின் அடியில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் உள்ளங்கால் திசுப்பட்டையின் கோளாறு. நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் இது திரும்ப வரும். நின்றபடியே வேலை செய்வோர், உடல் எடை கூடியோர், தேய்ந்த செருப்புடன் கடினத் தரையில் நடப்போர் ஆகியோரிடம் இது மிகுதி.

அரை மணி நேரத்துக்குள் தணிந்து, மாலையில் நடந்து களைத்தபின் வலி கூடினால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். பெருவிரலின் அடிமூட்டும் நடுப்பாதமும் இதில் பாதிக்கப்படும்.

அரை மணி நேரத்தைத் தாண்டினால், குறிப்பாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அழற்சி மூட்டுநோய் என்று ஐயுற வேண்டும். முடக்குவாதம் கைவிரல்களை மட்டுமே தாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கால்விரல்களின் அடிமூட்டுகளையும் அது தொடக்கத்திலேயே தாக்கும். அந்த மூட்டுகளை இரு பக்கத்திலிருந்தும் ஒரு கையால் மெல்லச் சேர்த்து அழுத்தினால் வலி எடுப்பதும், கூழாங்கல்மேல் நடப்பதுபோல் தோன்றுவதும் இதன் அடையாளங்கள். இளைஞர் ஒருவருக்குக் குதிகாலின் பின்புற வலியுடன் காலையில் இடுப்பும் முதுகும் இறுகி, அசைய அசையக் குறைந்தால், தண்டுவட மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோயையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. பார்க்கின்சன் நோய் உள்ளவர் சிலருக்கு விடியற்காலையில் பாதம் உள்நோக்கித் திரும்பி, விரல்கள் மடங்கி இறுகும். இரவு உண்ட மாத்திரையின் வேகம் விடியலில் தீர்ந்துபோவதே இதற்குக் காரணம். இதற்கு எண்ணெயும் ஒத்தடமும் தீர்வாகா. மாத்திரையின் நேரத்தையும் அளவையும் நரம்பியல் மருத்துவர் மாற்றியமைத்தால் பெரும்பாலும் குறையும்.

இரண்டாம் கேள்வி: பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா?

வலியைச் சாபமாகவே கருதிப் பழகிய நமக்கு, வலி ஒரு காவலாளி என்பதைக் கண்முன் காட்டிய ஊர் வேலூர். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளர்களின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று ஆராய்ந்தார். சதை நோயால் அழுகி உதிர்வதில்லை. நரம்பு உணர்விழந்ததால் தீக்காயமும் முள்ளும் கல்லும் உறைக்காமல், காயம் கவனிக்கப்படாமல் போவதே காரணம் என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் தெளிவாக்கினர். 1960களில் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றபின், இதே பாடத்தை நீரிழிவுக்காரர்களின் பாதப் பராமரிப்புக்கும் அவர் பயன்படுத்தினார். இன்று தமிழ்நாட்டில் நீரிழிவுக்காரர்களுக்கு நாங்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோய்ப் பராமரிப்பிலிருந்து வந்ததே.

நீரிழிவு பல ஆண்டுகள் நீடிக்கும்போது பாத நரம்புகள் நலிகின்றன. அப்போது பாதம் மரத்ததுபோலவும், பஞ்சின்மேல் நடப்பதுபோலவும், இறுக்கமான காலுறை போட்டதுபோலவும் தோன்றும். இதையும் நோயாளிகள் "இறுக்கம்" என்றே சொல்கிறார்கள். இங்கேதான் ஆபத்து மறைந்திருக்கிறது.

உணர்ச்சியை அறிய வீட்டில் உள்ள ஒருவர் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட முறை இது. நோயாளி கண்களை மூடிப் படுத்திருக்கட்டும். சோதிப்பவர் தம் ஆள்காட்டி விரலின் நுனியால் நோயாளியின் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய மூன்றின் நுனிகளையும் இரண்டு கால்களிலும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ஆக மொத்தம் ஆறு தொடுகைகள். ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு நொடி. இறகு படுவதுபோல் மென்மையாக. அழுத்தவோ, தட்டவோ, தடவவோ கூடாது. தொட்டவுடன் வலமா இடமா என்று நோயாளி சொல்ல வேண்டும். உணரவில்லையெனில் அதே விரலை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படவில்லையென்றால் பாதத்தின் பாதுகாப்பு உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்போது எங்களிடம் கூறுங்கள். இழைக் கருவியாலும் அதிர்வுக் கவையாலும் உறுதி செய்வோம். அதுவரை அப்பாதத்துக்கு வெப்ப வைத்தியம் எதுவும் கூடாது.

செங்கல்லும் எருக்கிலையும்

குதிகால் வலிக்கு நம் ஊர்களில் வழிவழியாகச் செய்யப்படும் வைத்தியம் ஒன்றுண்டு. செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன்மேல் பழுத்த எருக்கிலையை வைத்து, குதிகாலை அதன்மேல் வைத்து வைத்து எடுப்பார்கள். உணர்ச்சி முழுமையாக உள்ளவர், சூடு மிகும் கணத்தில் தானே காலை எடுத்துவிடுவார். அந்த அனிச்சைச் செயலே இவ்வைத்தியத்தின் பாதுகாப்பு. உணர்ச்சியற்ற பாதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "சூடு போதவில்லை" என்று அவர் மேலும் அழுத்துவார். மறுநாள் காலுறையில் ஈரம் கண்டோ, துர்நாற்றம் கண்டோதான் கொப்புளம் தெரியவரும். வெந்நீர்த் தொட்டி, சுடுநீர்ப் பை, மின்சார ஒத்தடப் பை, வறுத்த மணல் ஒத்தடம் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நண்பகலில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலுடன் வலம்வருவதும் அப்படியே.

இத்தகைய தீக்காயத்துடன் வருபவர்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். பெரும்பாலும் அக்கறையுள்ள குடும்பங்களிலிருந்தே வருகிறார்கள். தந்தையின் கால் வலிக்கிறதே என்று மகள் பாசத்தோடு காய்ச்சிய வெந்நீர், ஒரு சிறு கொப்புளமாகி, சீழ்ப்பிடித்து, எலும்பைத் தொட்டு, இறுதியில் விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பாசத்தில் குறையில்லை, அந்தப் பாதம் சூட்டை அறியாது என்ற செய்திதான் அவ்வீட்டுக்கு எட்டவில்லை.

எருக்கம்பாலும் தோலைப் புண்ணாக்கும் தன்மையுடையது. வெடிப்புள்ள குதிகாலில் அது படக் கூடாது. கண்ணில் பட்டால் கேடு இன்னும் பெரிது.

பயன் தரும் எளிய முறைகள்

இரு கேள்விகளுக்கும் விடை கண்டபின், கீழ்க்காணும் முறைகளைத் தத்தம் நிலைக்கேற்பக் கைக்கொள்ளலாம்.

கட்டிலிலேயே பயிற்சி. எங்கள் பட்டியலில் முதலிடம் இதற்கே; செலவில்லை, உணர்ச்சி குறைந்தவருக்கும் ஏற்றது. கண் விழித்ததும் உடனே இறங்காதீர்கள். படுத்தபடியே இரு பாதங்களையும் முகத்தை நோக்கி மடக்கி, பின் கீழ்நோக்கி நீட்டுங்கள்; 20 முறை. கணுக்காலை வலப்புறமும் இடப்புறமும் 10 முறை சுழற்றுங்கள். கால்விரல்களை விரித்து மடக்குங்கள், 10 முறை. பின் எழுந்து காலை நீட்டி அமர்ந்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் சுற்றி, முழங்காலை மடக்காமல் மெல்ல உங்களை நோக்கி இழுத்து 20 முதல் 30 நொடி வைத்திருங்கள், மூன்று முறை. குதிகால் வலி உள்ளவர், பாதிக்கப்பட்ட காலை மற்றத் தொடையின்மேல் வைத்து, கையால் கால்விரல்களைப் பின்னோக்கி வளைத்து 10 நொடி பிடித்து விட வேண்டும். இவ்வாறு 10 முறை. காலையில் முதல் அடி வைப்பதற்கு முன் ஒருமுறையும் பகலில் இருமுறையும் செய்தால் சில வாரங்களில் பலன் தெரியத் தொடங்கும். முழுக் குணத்துக்குச் சில மாதங்கள் ஆகலாம். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை ஏதுமின்றியே குணமாகிறது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் இழுக்கும் பயிற்சிகளை விட்டுவிட்டு, மெல்ல அசைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்ததும் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அமர்ந்தபின் எழுங்கள். நீரிழிவு, பார்க்கின்சன், இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றால் திடீரென எழும்போது தலைசுற்றி விழ நேரலாம்.

வெந்நீர். உணர்ச்சி முழுமையாக உள்ளவர்களுக்கு மட்டும். மூட்டுத் தேய்மானத்துக்கும் முடக்குவாத இறுக்கத்துக்கும் வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் பாதத்தை வைப்பது நல்ல இதம் தரும். நீரின் சூட்டை முழங்கையால் பார்த்து, இளஞ்சூடு என்று தோன்றினால் மட்டும் காலை வையுங்கள். நொச்சி இலை, கல்லுப்பு சேர்ப்பதில் தடையில்லை. ஆனால் இதம் தருவது பெரும்பாலும் வெதுவெதுப்பே. நீரிலேயே பாதத்தை அசைப்பது இன்னும் நல்லது. பின் விரலிடுக்குகளை நன்கு துடைக்க வேண்டும். மூட்டு சிவந்து கொதிக்கும்போது வெந்நீரைத் தவிர்த்து, துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். உணர்ச்சி குறைந்தவர்களும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களும் வெப்பம், பனிக்கட்டி இரண்டையும் விலக்க வேண்டும். மார்கழிக் குளிரில் தளர்வான பருத்தி அல்லது கம்பளிக் காலுறை அவர்களுக்குப் போதுமானது.

எண்ணெய். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி மெல்ல நீவிவிடுவது தசையைத் தளர்த்துகிறது; வறண்ட குதிகாலில் வெடிப்பையும் தடுக்கிறது. நீரிழிவு உள்ளவர் விரலிடுக்குகளில் மட்டும் எண்ணெய் தேங்கவிடக் கூடாது. ஈரம் நின்றால் பூஞ்சைத் தொற்று வரும். எண்ணெய்க் காலுடன் நடந்து வழுக்கி விழுந்துவிடவும் கூடாது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் திடீரென வீங்கி வலித்தால் நீவவே கூடாது. அங்கே இரத்தம் உறைந்திருந்தால், நீவும்போது உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

செருப்பு. வீட்டுக்குள் செருப்பணிவது நம் வழக்கமன்று. ஆயினும் குதிகால் வலியுள்ளவரும், உணர்ச்சி குறைந்தவரும் மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். வீட்டுக்கென மட்டும் மெத்தென்ற அடிப்பாகமுடைய செருப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரவில் அதைக் கட்டிலின் அருகிலேயே வைத்துவிட்டால், முதல் அடியே அதன்மேல் விழும்.

உணவு. மத்தி, அயிலை முதலிய மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. இக்கொழுப்பை மாத்திரை வடிவில் நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம் அளவில் மாதக்கணக்கில் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், முடக்குவாதக்காரர்களின் காலை இறுக்கம் ஓரளவு குறைந்தது. மீன் குழம்பால் மட்டும் அந்த அளவை எட்டுவது கடினம். எனினும் வாரம் இருமுறை மீன் உண்பது இதயத்துக்கும் நல்லது. முடக்கத்தான் கீரையைத் தோசையாகவோ ரசமாகவோ உண்ணலாம். மஞ்சளை வழக்கம்போல் சமையலில் சேர்க்கலாம். இவற்றை உணவாகக் கொள்வதில் தவறில்லை. மருந்துக்கு மாற்றாகக் கொள்வதில்தான் தவறு. "வாயு" என்று அஞ்சிப் பருப்பையும் கிழங்கையும் அடியோடு ஒதுக்குவதற்கு உறுதியான சான்று ஏதும் இல்லை. புரதம் குறைந்து தசை நலிவதே மிச்சம். யூரிக் அமிலம் மிகுந்து கவுட் என்னும் மூட்டுவாதம் வருபவர்கள் மட்டும் மது, ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சர்க்கரை மிகுந்த பானங்கள் ஆகியவற்றை விலக்க வேண்டும். புகைப்பழக்கம் முடக்குவாதத்தையும் காலின் இரத்தக் குழாய்களையும் ஒருங்கே கெடுக்கும். அதை விடுவதைவிடச் சிறந்த இயற்கை வைத்தியம் இல்லை.

"இயற்கை" என்பதன் பொருள்

இயற்கையானது என்றாலே தீங்கற்றது என்று பொருளாகாது. நம் மாநில மலரான செங்காந்தளே இதற்குச் சிறந்த சான்று. அதன் கிழங்கையும் விதையையும் நாம் கண்வலிக்கிழங்கு என்று அறிவோம். அவற்றில் உள்ள கோல்சிசின் என்னும் பொருள், பெருவிரல் மூட்டில் நள்ளிரவிலும் விடியலிலும் கிளம்பும் கவுட் வலிக்கு இன்றும் நாங்கள் எழுதித் தரும் மருந்து. மில்லிகிராமில் பாதியளவு மாத்திரையாகக் கொடுக்கும்போது அது மருந்து. கிழங்காக உண்டால் அதுவே உயிரைக் குடிக்கும் நஞ்சு. செடி ஒன்றே; அளவுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது.

மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்துச் செறிவூட்டி, மிளகின் சாரம் சேர்த்து விற்கப்படும் குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை வெளிநாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் உண்பவர்களின் கல்லீரலை நாங்கள் ஏற்கெனவே இரத்தப் பரிசோதனை மூலம் கண்காணித்து வருகிறோம். அவர்கள் எந்தச் சூரணத்தையும் எந்த மாத்திரையையும் எங்களுக்குத் தெரிவிக்காமல் உண்ண வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கும், சிறுநீரக நோயாளிகளுக்கும் இது பொருந்தும். முறையாகப் பயின்ற சித்த மருத்துவரிடம் சிகிச்சை பெறுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம். இரு மருந்துகளும் மோதாமல் பார்த்துக்கொள்வோம்.

மிகவும் அஞ்ச வேண்டியது, பெயரும் உள்ளடக்கமும் அச்சிடப்படாத பொட்டலப் பொடி. அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. 1948 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். அந்தக் கண்டுபிடிப்புக்காக 1950இல் ஹென்ச்சுக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முகம் ஊதுதல், எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல், தொற்று எளிதில் பற்றுதல் என அதன் மறுபக்கம் பின்னரே முழுமையாக விளங்கியது. இன்று அதை அளவறிந்து, குறுகிய காலத்துக்கு, கண்காணிப்புடன் கொடுக்கிறோம். எனவே, பல மாத இறுக்கம் ஒரு பொடியால் இரண்டே நாளில் மாயமானால் மகிழ்வதற்கு முன் ஐயுறுங்கள். அதை உண்டுவந்தவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு எங்களிடம் வாருங்கள்.

மருந்தின் நிதானம்

பலர் பொடிகளை நாடுவதற்கு ஒரு காரணம் எங்களுக்குத் தெரியும். முடக்குவாதத்தின் அடிப்படை மருந்துகள் உடனே இதம் தருவதில்லை. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யத் தொடங்க 6 முதல் 12 வாரம் ஆகும். அந்த இடைவெளியில் காலைகள் மாறாமலே இருக்கும், மனம் சோரும், யாரோ ஒருவர் சொன்ன வைத்தியம் நினைவுக்கு வரும். அந்த வாரங்களைக் கடப்பதற்குத்தான் கட்டில் பயிற்சியும் வெதுவெதுப்பான நீரும் எண்ணெயும் உறுதுணை. அவை இறுக்கத்தைத் தளர்த்தும். எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்கா. சிகிச்சையற்ற முடக்குவாதத்தில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே மூட்டு எலும்பு அரிக்கத் தொடங்கிவிடும். அரித்த எலும்பு மீண்டும் பழையபடி ஆவதில்லை. மருந்து எலும்பைக் காக்கிறது, வீட்டு வைத்தியம் காலைப் பொழுதைக் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டிய மருந்து. விரைவில் குணமாக வேண்டும் என்று அன்றாடம் உண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை நாட்காட்டியில் வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவரும் அறிந்திருக்கச் செய்யுங்கள்.

காத்திராமல் வர வேண்டிய நேரம்

கீழ்க்காண்பவற்றில் எது தோன்றினாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்:

காய்ச்சலுடன் ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கி அசைக்க முடியாமல் போதல்;
நீரிழிவு உள்ளவரின் பாதத்தில் கொப்புளம், புண், கறுப்பு நிறம், துர்நாற்றம்;
உணர்ச்சி குறைந்த பாதம் வலியே இல்லாமல் வீங்கிச் சூடாதல் (உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்; அந்தக் காலை ஊன்றாமல் வர வேண்டும்);
ஒரு கால் மட்டும் திடீரென வீங்குதல், அல்லது வெளிறிக் குளிர்ந்து போதல்;
பாதத்தில் புதிதாகத் தோன்றும் பலவீனம்.

அவசரமில்லை எனினும், அரை மணி நேரத்துக்கு மேலான காலை இறுக்கம் ஆறு வாரங்கள் நீடித்தால், "வயதாகிவிட்டது" என்று ஒதுக்காமல் மூட்டுநோய்ப் பிரிவில் காட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு குறிப்பேடு

அடுத்த முறை வருமுன் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: எழுந்த நேரம், பாதம் இலகுவான நேரம், அன்று செய்த வீட்டு வைத்தியம், உண்ட மருந்துகள். எழுத இயலாதவருக்காக வீட்டுப் பிள்ளைகள் எழுதலாம். நீரிழிவு உள்ளவர் வீட்டில் இரவு உறங்குமுன் ஒருவர் அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்த்து, "புண் இல்லை" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

90 நிமிடமாக இருந்த இறுக்கம் 40 ஆகி, பின் 15 ஆவதை அந்தப் பக்கங்களில் காணும்போது மருந்தும் பயிற்சியும் பலிக்கின்றன என்பது உங்களுக்கே விளங்கும். குறையவில்லையென்றால், மருந்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதை எங்களுக்கு அந்த எண்களே சொல்லும். எந்தக் கருவியும் தர இயலாத செய்தி அது. மறவாமல் கொண்டுவாருங்கள்.